பள்ளிக்கூட ரிசல்ட்டைப் பார்த்து ஏமாறாமல் இருக்க: திருநெல்வேலிப் பெற்றோருக்கு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, ஜங்ஷன் என்று எங்கே பார்த்தாலும் “100 சதவீதத் தேர்ச்சி” என்ற பிளெக்ஸ் நிற்கும், அதைப் பார்த்தே பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று முடிவெடுத்துவிடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்த எண் பொய் இல்லை. ஆனால் பரீட்சை எழுதியவர்களில் எத்தனை பேர் பாஸ் என்பதைத்தான் அது சொல்லும், எழுதும் இடம் வரைக்கும் வராமலே போனவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது.

அதனால் முதலில் இதைக் கேளுங்கள்: போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், இந்த வருடம் பத்தாவது எழுதியவர்கள் எத்தனை பேர்? ஒன்பதில் 80 பேர், எழுதியவர்கள் 64, பாஸ் 64 என்று வைத்துக்கொள்வோம். பிளெக்ஸில் 100 சதவீதம். ஒன்பதில் சேரப்போகும் உங்கள் பிள்ளைக்கோ கணக்கு 80-லிருந்துதான் தொடங்குகிறது, அப்படிப் பார்த்தால் 80 சதவீதம். மீதி 16 பேர் டிசி வாங்கிப் போனார்களா, ஒன்பதிலேயே நிறுத்திவைக்கப்பட்டார்களா, வேலைக்குப் போய்விட்டார்களா என்று விசாரியுங்கள். எட்டு வரைக்கும் யாரையும் பெயிலாக்க முடியாது, அதனால் வடிகட்டுகிற பள்ளி ஒன்பதில்தான் வடிகட்டும். ஒரு வருடம் குறைந்தால் குடும்பங்கள் ஊர் மாறிப் போயிருக்கலாம், வருடா வருடம் குறைந்தால் யோசிக்க வேண்டும்.

இந்த எண்களுக்கு யாரிடமும் கெஞ்ச வேண்டாம். மத்திய அரசின் பள்ளி விவரப் பதிவில் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க அடையாள எண் உண்டு, யுடைஸ் எண் என்பார்கள். யுடைஸ் பிளஸ் தளத்தில் அதைக் கொடுத்தால் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, கழிப்பறை, ஆய்வகம் வரைக்கும் பார்க்கலாம். அதில் இல்லாததை, அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ, 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

அடுத்து, அங்கே படிப்பது யார் வீட்டுப் பிள்ளைகள்? முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் வீட்டிலிருந்தும், உவரி, கூத்தங்குழி மாதிரிக் கடற்கரை ஊரில் மீன்பிடிக்கிற வீட்டிலிருந்தும், முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளைகளை வந்தவர் எல்லாரையும் சேர்த்துக்கொண்டு 88 சதவீதம் காட்டுகிற பள்ளியையும், நுழைவுத் தேர்வு வைத்துப் பொறுக்கியெடுத்து 100 காட்டுகிற பள்ளியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். முதல் பள்ளிதான் அதிகம் சொல்லிக்கொடுக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

மார்க்கில் கணக்கைத் தனியாகப் பாருங்கள். அறிவியலில் 25 மார்க் செய்முறைக்குப் போய்விடும், கணக்கில் 100-ம் எழுதித்தான் வாங்க வேண்டும், ஆசிரியர் ஒழுங்காக வகுப்புக்கு வந்தாரா என்பது அங்கேதான் தெரியும். 35-க்கும் 50-க்கும் நடுவில் எத்தனை பேர், மொத்தம் 500-க்கு 400 தாண்டியவர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். பிளஸ் ஒன்னில் என்னென்ன குரூப் இருக்கிறது, கேட்ட குரூப் கிடைக்குமா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்தவர்களே சாதி வெறியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியதை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது, வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பள்ளி விடுகிற நேரத்தில் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பையன்கள் கையில் என்ன கட்டியிருக்கிறார்கள், யார் யாரோடு கூடிப் போகிறார்கள், ஆசிரியர்கள் அதைக் கவனிக்கிறார்களா. பயத்தோடு உட்காருகிற பிள்ளைக்கு எந்தப் பாடமும் ஏறாது.

கடைசியாகப் பணம். பாளையில் பேர் பெற்ற பழைய பள்ளிகள் பல அரசு உதவி பெறுபவை. ஆனால் ஒரே வளாகத்தில் எய்டட் செக்‌ஷனும் செல்ஃப் பைனான்ஸ் செக்‌ஷனும் சேர்ந்தே இருக்கும், இங்கிலீஷ் மீடியம் பெரும்பாலும் இரண்டாவது வகை, பீஸ் உண்டு. எந்த செக்‌ஷன் என்று சேர்க்கும் அன்றே கேளுங்கள். உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தால் கல்லூரிக்குப் போகும்போது புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும், ஆனால் மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். டாக்டர் கனவோடு ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்துவரும் பிள்ளையை ஒன்பதில் எய்டட் பள்ளிக்கு மாற்றினால் அந்தத் தகுதி போய்விடும், டிசி வாங்குவதற்கு முன்னால் இதை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.