பழைய கொலை வழக்கொன்றை ஆராய்வது எப்படி: மேரி ஆன் காட்டன்

பெண்கள் செய்த பழைய கொலைகளைப் பற்றி எழுத முற்படுவோர், நீதிமன்றம் உறுதிசெய்தது எது, ஊரார் சந்தேகித்தது எது என்பதை முதலிலேயே தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் மேரி ஆன் காட்டன் 21 பேர் வரை கொன்றிருக்கலாம் எனப் பரவலாக எழுதப்படுகிறது. ஆனால் அவர் தண்டிக்கப்பட்டது, 1872 ஜூலையில் வெஸ்ட் ஆக்லாந்தில் இறந்த 7 வயதுச் சிறுவனான, கணவரின் முந்தைய மணத்து மகன் சார்லஸ் எட்வர்டின் கொலைக்காக மட்டுமே.

அடுத்து, இறப்புப் பதிவுகளைப் படிக்கும்போது அவற்றிலுள்ள நோயின் பெயரை அப்படியே நம்பிவிடக் கூடாது. சிறுவனைக் கொல்லக் காட்டன் பயன்படுத்தியதாக வழக்கில் கூறப்பட்ட ஆர்செனிக் நஞ்சு உண்டாக்கும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் அக்காலத்தில் பரவலாயிருந்த வயிற்று நோய்களின் குறிகளை ஒத்திருந்ததால், மருத்துவர்கள் எளிதில் ஏமாந்தனர். இறந்தவரின் காப்பீட்டுத் தொகை யாருக்குச் சேர இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

எதிர்த்தரப்பு வாதத்தைத் தவிர்ப்பதே பலர் செய்யும் பிழை. சுவர்த்தாளின் பச்சைச் சாயத்திலிருந்த ஆர்செனிக்கைச் சிறுவன் சுவாசித்திருக்கலாம் என்று காட்டனின் வழக்கறிஞர் வாதிட்டது இன்று நகைப்பூட்டலாம். எனினும் அத்தகைய சாயம் அன்று உண்மையிலேயே புழக்கத்தில் இருந்தது.

இறுதியாக நாள்வரிசையைச் சரிபார்க்க வேண்டும்: காட்டன் கருவுற்றிருந்ததால் விசாரணை தள்ளிப்போனது, 1873 மார்ச் 24 அன்று டரம் சிறையில் தூக்கிலிடப்பட்டார்.