ஓர் அரசின் பண்பாட்டுக் கொள்கையைப் படிப்பது எப்படி?

காலனிய ஆட்சியிலிருந்து விடுபட்ட ஆசிய நாடு ஒன்று தன் தேசிய அடையாளத்தை எவ்வாறு வகுத்தது என்று ஆராய்வோர், முதலில் அரசமைப்பின் முகவுரையையே கையில் எடுக்கிறார்கள். அதைப் பிறகு படிக்கலாம். ஒற்றுமையைப் போற்றாத முகவுரை அரிது. கொள்கை எந்த நெருக்கடிக்குப் பின் எழுதப்பட்டது என்பதை முதலில் தேடுங்கள்.

மலேசியாவில் 1969 மே 13 இனக்கலவரத்தைத் தொடர்ந்து, 1970இல் ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாடு அறிவிக்கப்பட்டது. 1971இல் தேசியப் பண்பாட்டு மாநாடு கூடியது. இவ்வட்டாரப் பூர்வீக மக்களின் பண்பாடே அடிப்படை, பொருத்தமான பிற கூறுகளை ஏற்கலாம், இசுலாம் முக்கியக் கூறு என்று அம்மாநாட்டிலிருந்து மூன்று கோட்பாடுகள் உருவாயின. எது பொருத்தம் என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதை அடுத்து கேட்க வேண்டும். பிற்காலத்தில் சீனர்களின் சிங்க நடனத்துக்குக் காவல்துறை அனுமதி தேவைப்பட்டது பெரும் சர்ச்சையானதை இந்தக் கேள்வியோடு சேர்த்துப் படித்தால்தான் கோட்பாட்டின் நடைமுறைப் பொருள் விளங்கும்.

தடை ஆணைகளைப் பார்க்கும்போது அவை பிறந்த ஆண்டையும் நீங்கிய ஆண்டையும் அருகருகே குறித்துக்கொள்ளுங்கள். இந்தோனேசியாவில் சீனச் சமய, பண்பாட்டு நிகழ்வுகளைப் பொதுவெளியில் நடத்துவதை 1967ஆம் ஆண்டின் அதிபர் ஆணை கட்டுப்படுத்தியது. 2000இல் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் அதை நீக்கினார். பன்மையைப் போற்றும் பஞ்சசீலம் என்ற இந்தோனேசிய அரசுக் கோட்பாடு இவ்விடைக்காலம் முழுவதும் நடப்பில் இருந்தது.

ஆவணங்களை விட ஒலிபரப்பு நிகழ்ச்சி நிரல் அதிகம் பேசும் என்பது என் கருத்து. இந்தியாவில் 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், செவ்வியல் இசையே தேசத்தின் இசை என்ற நம்பிக்கையில் திரைப்பாடல்களுக்கான நேரத்தைக் குறைத்தார். தயாரிப்பாளர்களுடன் மூண்ட பிணக்கில் அப்பாடல்கள் அகில இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போயின. நேயர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். 1957இல் திரைப்பாடல்களுக்கு இடமளித்த விவித் பாரதி ஒலிபரப்பைத் தொடங்கி அரசு இறங்கி வர வேண்டியதாயிற்று. ஆர்மோனியத்தின் கதை இதைவிடச் சுவையானது: 1940இல் ஆங்கிலேயர் காலத்து வானொலி விதித்த தடையைச் சுதந்திர இந்தியா 1971 வரை பேணியது. ஆகவே, 'தேசியம்' என்ற முத்திரையுடன் வரும் ஒவ்வொரு விதியும் காலனிய நிர்வாகத்திடமிருந்து வந்த சொத்தா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் மேடையையும் ஒப்பிடுவது மற்றொரு வழி. இலங்கையில் 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியானது. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. ஆனால் 2016 சுதந்திர தின விழாவில் தமிழிலும் பாடப்பட்ட தேசிய கீதம், 2020 விழாவில் சிங்களத்தில் மட்டுமே ஒலித்தது. இடையில் சட்டம் மாறவில்லை, ஆட்சிதான் மாறியது.

கொள்கையின் விளைவை அளக்க, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுமொழி அட்டவணையைப் பாருங்கள். சிங்கப்பூர் அரசு 1979இல் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கம், சீனர்களிடையே கிளைமொழிகளின் இடத்தில் மாண்டரினை அமர்த்த முயன்றது. கிளைமொழிகள் தேய்ந்தன, எனினும் 2020 கணக்கெடுப்பில், எல்லா இனத்தவரையும் சேர்த்து, வீட்டில் அதிகம் பேசும் மொழியாக மாண்டரினைக் குறிப்பிட்டோர் 29.9 விழுக்காடு, ஆங்கிலத்தைக் குறிப்பிட்டோர் 48.3 விழுக்காடு.