இங்கிலாந்தில் கணக்கியல் பட்டப் பயிற்சி: சேருமுன் சில குறிப்புகள்

இங்கிலாந்தில் ஏ லெவல் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்த கையோடு பெரிய தணிக்கை நிறுவனமொன்றில் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே பட்டமும் பெறலாம். இதுதான் பட்டப் பயிற்சி. கல்விக் கட்டணம் உங்கள் தலையில் விழாது. மாணவர் கடன் கிடைக்காது, தேவையும் இல்லை.

விண்ணப்பத்தை, பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூகாஸ் அமைப்பின் காலக்கெடுவோடு முடிச்சுப்போட்டு ஜனவரிக்குத் தள்ளாதீர்கள். நிறுவனத்துக்கு நேரடியாகவே விண்ணப்பிக்க வேண்டும். பல நிறுவனங்கள் இலையுதிர் காலத்திலேயே தொடங்கி, இடம் நிரம்பியதும் மூடிவிடுகின்றன.

படிப்பு நேரம் சம்பளத்துடன் கூடிய வேலை நேரத்துக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. நடைமுறை வேறு. டிசம்பர் 31இல் கணக்கு முடிக்கும் நிறுவனங்கள் ஏராளம் என்பதால் ஜனவரி முதல் மார்ச் வரை தணிக்கைப் பிரிவில் மூச்சுவிட முடியாது. அப்போது முதலில் பறிபோவது படிப்பு நாள்தான். சேர்ந்த வாரமே அந்த நாள்களை அலுவலக நாட்காட்டியில் பதிந்து, மேலாளருக்கும் சொல்லிவிடுங்கள். கூச்சம் வேண்டாம், அது உங்கள் உரிமை.

வெள்ளிக்கிழமைதோறும், அந்த வாரம் செய்த வேலையை இரண்டு வரி எழுதிவையுங்கள்: கிடங்கில் சரக்கு எண்ணியது, வங்கி இருப்பைச் சரிபார்த்தது, அதில் கற்றது. பயிற்சிப் பதிவேட்டை நிரப்பும்போது இவை கைகொடுக்கும். வாடிக்கையாளர் பெயரை மட்டும் எழுதவே கூடாது.

நேர்முகத் தேர்வில் சம்பளத்தைவிட முக்கியமாக ஒன்றைக் கேளுங்கள்: பட்டயக் கணக்காளர் ஆவதற்கான தொழில்முறைத் தேர்வில் தவறினால் மறுவாய்ப்பு எத்தனை? நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். வேலையே போகும் இடங்களும் உண்டு.