பூச்சு வேலைக்கான விலைப்புள்ளிகளை நியாயமாக ஒப்பிடும் முறை

உட்பூச்சுக்குக் கூலி ஒப்பந்த விலை (பொருள் நம்முடையது, வேலைக்கு மட்டும் விலை) கேட்டால், ஒரு மேஸ்திரி சதுர அடிக்கு 32 ரூபாய் என்பார். இன்னொருவர் 38 என்பார். எந்த அளவை முறையில், எந்தெந்த வேலைகளைச் சேர்த்து அந்த விலை சொல்லப்பட்டது என்று தெரியாத வரை, இரண்டில் எது குறைவு என்று முடிவு செய்ய இயலாது.

முதலில் தீர்க்க வேண்டியது அளவை. கதவு, ஜன்னல் திறப்புகளைக் கழிப்பதா, கழிக்காமல் சுவர் முழுவதையும் அளப்பதா என்பதில்தான் பெரும்பாலான பில் தகராறுகள் தொடங்குகின்றன. இதற்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1200 தெளிவான விதி வைத்திருக்கிறது. அரை சதுர மீட்டர் வரையிலான திறப்புக்குக் கழிவு இல்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இருபுறமும் ஒரே பூச்சாக இருந்தால் ஒரு பக்கம் மட்டும் கழித்து, விளிம்புப் பூச்சைத் தனியாகக் கூட்டாமல் விட வேண்டும். அதையும் தாண்டினால் இருபுறமும் கழித்து விளிம்புகளை அளந்து சேர்க்க வேண்டும். மூன்றரைக்கு ஏழு அடிக் கதவு ஏறக்குறைய 2.3 சதுர மீட்டர் என்பதால், வீட்டின் சாதாரணக் கதவுகள் நடு வகையில்தான் விழும். இந்த முறையையோ வேறொன்றையோ எழுத்தில் கொடுத்து, அதன்படியே எல்லோரிடமும் விலை கேளுங்கள்.

அடுத்தது வேலையின் எல்லை. சாரம் யாருடையது, கான்கிரீட்டும் செங்கலும் சேரும் இடத்தில் சிக்கன் மெஷ் (விரிசலைத் தடுக்கும் கம்பி வலை) அடிப்பது யார், எலெக்ட்ரிஷியன் காடி வெட்டிய பிறகு அதை மூடிப் பூசுவது யார், பூசிய சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்பவை விலைப்புள்ளியில் இடம்பெற வேண்டும். சொல்லாமல் விட்டதெல்லாம் வேலை பாதியில் "எக்ஸ்ட்ரா" என்ற பெயரில் திரும்பி வரும்.

ஓர் உதாரணக் கணக்கைப் பாருங்கள். மொத்தச் சுவர்ப் பரப்பு 10,000 சதுர அடி, கழிக்கத்தக்க திறப்புகள் 1,200 சதுர அடி என்று கொள்வோம். 32 ரூபாய்க்காரர் திறப்பைக் கழிக்க மாட்டார், சாரமும் மெஷ் அடிப்பதும் நம் பொறுப்பு என்றால், கூலி 3,20,000. சார வாடகை 25,000, மெஷ் கூலி 10,000 சேர்த்து 3,55,000 ரூபாய் ஆகிறது. கழிவுக்கு ஒப்புக்கொண்டு சாரத்தையும் மெஷ் கூலியையும் தாமே ஏற்கும் 38 ரூபாய்க்காரருக்கு 8,800 சதுர அடிக்கு 3,34,400 ரூபாய்தான்.

விலைகளைத் திறக்கும் முன்பே சொந்த மதிப்பீடு ஒன்று கையில் இருப்பது அவசியம். நாளொன்றுக்குக் கொத்தனாருக்கு 1,200, சித்தாளுக்கு 900 என்று வைத்தால், இருவர் இருவராக நால்வருக்கு 4,200 ரூபாய்; அவர்கள் 150 சதுர அடி முடித்தால் அடிக்கு 28 ரூபாய். மத்தியப் பொதுப்பணித் துறை தன் விலைப் பகுப்பாய்வில் லாபத்துக்கும் மேற்செலவுக்கும் சேர்த்து வைக்கும் 15 சதவீதத்தைக் கூட்டினால் 32 ரூபாய் சொச்சம் வரும். இதில் சாரம் அடங்காது. கூலியும் உற்பத்தியும் ஊருக்கு ஊர் மாறுவதால், உங்கள் பழைய அளவைப் புத்தகத்திலிருந்தே இவற்றை எடுங்கள். 24 ரூபாய்க்கு ஒருவர் முன்வந்தால் மகிழ வேண்டியதில்லை. கூலியைக்கூட ஈடுகட்டாத அந்த விலையில் அவர் இடையில் ஆளை இழுத்துக்கொள்வார், அல்லது ஆட்களுக்குச் சம்பளம் பாக்கி வைப்பார். அவரை அழைத்துக் கணக்கைக் காட்டி, எதை விட்டுவிட்டார் என்று கேட்பதே முறை.

ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர், பெறாதவர் இருவரும் போட்டியில் இருந்தால், உங்களுக்கு உள்ளீட்டு வரி வரவு (அவருக்குக் கொடுத்த வரியை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வசதி) கிடைக்கும் வேலையில் வரிக்கு முந்தைய தொகையை ஒப்பிட்டால் போதும்.

ஒருவரின் விலையை மற்றவரிடம் காட்டி அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசுவது ஒருமுறை பலிக்கும். அடுத்த வேலைக்கு எல்லோரும் அந்தப் பேரத்துக்கான தொகையை முன்கூட்டியே ஏற்றித்தான் சொல்வார்கள். பணம் தரும் முறையும் விலையின் ஒரு பகுதியே. சனிக்கிழமைதோறும் ஆட்களுக்குச் சம்பளம் போட வேண்டியவரிடம் பில்லுக்கு 45 நாள் காத்திருக்கச் சொன்னால், வட்டியைச் சேர்த்துத்தான் விலை சொல்வார். ஆகவே எத்தனை நாளுக்கொரு பில், எவ்வளவு பிடித்தம், அது எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதை விலை கேட்கும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.