பி.காம். சேரும் பிள்ளைக்கு லேப்டாப் வாங்கும் முன்

ஜூன் பிறந்தால் எங்கள் சென்டருக்கு வரும் அப்பாக்கள் கேட்பது இதுதான்: "ஐ5 பிராசஸர் வாங்கலாமா, ஐ7 வாங்கலாமா மேடம்?" ஈரோட்டில் 15 வருடமாக டாலி என்ற கணக்கு மென்பொருளைச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் முதலில் கேட்பது வேறு. கீபோர்டின் வலப்பக்கம் தனியாக நம்பர் பேட் இருக்கிறதா?

பி.காம்., பி.பி.ஏ. படிக்கிற பிள்ளையின் விரல் எந்நேரமும் எண்களில்தான் ஓடும். 15.6 அங்குலத் திரை உள்ளவற்றில் பெரும்பாலும் நம்பர் பேட் இருக்கும். 14 அங்குலத்தில் அநேகமாக இருக்காது. தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற பிள்ளைக்கு 14 அங்குலம்தான் தோளுக்கு நல்லது. அப்படி வாங்கினால் யுஎஸ்பி நம்பர் பேட் ஒன்றைத் தனியாக வாங்கி வீட்டு மேசையில் வைத்துவிடுங்கள்.

கடையில் வெறுமனே தடவிப் பார்க்காமல், எக்ஸெல்லைத் திறந்து மேலிருந்து கீழாக 30 தொகைகளை அடிக்கச் சொல்லுங்கள். அடிக்கப்போவது பிள்ளை, அதனால் பிள்ளையின் கைதான் முடிவு சொல்ல வேண்டும்.

அப்புறம் கீபோர்டின் மேல்வரிசையில் உள்ள எஃப் விசைகள். டாலியில் பேமெண்டுக்கு எஃப்5, ரசீதுக்கு எஃப்6, ஜர்னலுக்கு எஃப்7, சேல்ஸுக்கு எஃப்8, பர்சேஸுக்கு எஃப்9. புது லேப்டாப் பலவற்றில் இவற்றைத் தொட்டால் வெளிச்சமோ சத்தமோதான் மாறும். போன வருடம் ஒரு பெண் எஃப்5-ஐ அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, லேப்டாப்பே கெட்டுப்போய்விட்டது என்று அழுதுவிட்டாள். பல மாடல்களில் எஃப்என், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சரியாகிவிடும். வாங்குகிற இடத்திலேயே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

மேக் வேண்டாம். டாலி விண்டோஸுக்காகவே செய்யப்பட்டது. தரவை வரைபடமாக்கிக் காட்டும் பவர் பிஐ டெஸ்க்டாப்பும் அப்படித்தான். பெரிய அட்டவணைகளை இணைத்து அலசும் பவர் பிவட், மேக்கில் உள்ள எக்ஸெல்லில் கிடையாது. விண்டோஸ் இல்லாமல் கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் குரோம்புக்கும் இந்தப் படிப்புக்கு ஒத்துவராது.

ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம், அந்த விஷயத்தில் நானே அடிபட்டிருக்கிறேன். அக்கா மகனுக்கு 8 ஜிபியில் ஒன்று வாங்கினோம். "பிறகு 16 ஆக்கிக்கலாம்" என்றார் கடைக்காரர். ஒரு வருடம் கழித்துத் திறந்து பார்த்தால், ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது. கூடுதலாகச் செருக இடமே இல்லை. டாலிக்கு மட்டும் என்றால் 8 போதும். எக்ஸெல், பிரவுசர், ஆன்லைன் வகுப்பு எல்லாம் ஒன்றாகத் திறந்திருக்கும்போதுதான் திணறும். அதனால் முடிந்தால் 16 ஜிபியாகவே வாங்குங்கள். இல்லையென்றால் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடி, ரேமுக்குக் காலி ஸ்லாட் உண்டா என்று நீங்களே பாருங்கள்.

பிராசஸருக்கு இன்டெலின் ஐ3 அல்லது ஏஎம்டியின் ரைசன் 3 தாராளம், ஐ5 இருந்தால் மகிழ்ச்சி. ஐ7-க்குக் கொடுக்கும் பணம் ரேமுக்குப் போகட்டும். ரைசன் 7000 வரிசையில் மட்டும் மூன்றாவது இலக்கத்தைக் கவனியுங்கள்: 7520யு-வில் இருப்பது ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு, 7530யு-வில் ஜென் 3. பெயர் இரண்டுக்கும் ரைசன் 5 என்றுதான் இருக்கும். ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 512 ஜிபி. தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம்.

ஆபீஸ் ஒரிஜினலாகக் கூடவே வருகிறதா என்று கேளுங்கள். திருட்டுப் பதிப்பைச் சும்மா போட்டுத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள், வைரஸ் அதன் வழியாகத்தான் நுழைகிறது. டாலிக்கும் அதுவே. அதன் எஜுகேஷனல் மோட் இலவசம். மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும் பதிவு போடலாம், பழகுவதற்கு அது போதும்.

பில்லைப் பத்திரமாக வையுங்கள். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு முதல் பயிற்சியே அந்தப் பில்தான்: தேதி 1 என்று வைத்து, லேப்டாப்பைச் சொத்துக் கணக்கில் ஏற்றி, சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9 சதவீதத்தைத் தனித்தனியாகப் பிரித்துப் போடச் சொல்வேன்.