நேரச் சொல்லைப் பிடி, வினை தானாக வரும்

கிளிநொச்சிப் பக்கம் பரந்தனில் பின்னேரங்களில் சாதாரண தரப் (ஓ/எல்) பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். டென்ஸ் அட்டவணையைப் பாடமாக்கச் சொல்வதே இல்லை. முதலில் நேரம் காட்டும் சொல்லைத் தேடிக் கோடு போடு, அப்புறம் வினையில் கை வை என்பேன்.

"யாழ்தேவி ரயில் 2013இல் கிளிநொச்சிக்கு வந்தது." ஆண்டு சொல்லியாயிற்று, அது முடிந்த காலம். ஆகவே "கேம்" மட்டும்தான், "ஹேஸ் கம்" பிழை. யெஸ்டர்டே, அகோ, லாஸ்ட் இயர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அதிகம் சறுக்குவது சின்ஸில். போருக்குப் பின் மீள்குடியேறிய வீட்டுப் பிள்ளை "2010இலிருந்து இங்கே இருக்கிறோம்" என்று நினைத்து, "வீ ஆர் லிவிங் ஹியர் சின்ஸ் 2010" என்று எழுதும். அன்று தொடங்கியது இன்றும் தொடர்கிறது என்பதால் "வீ ஹேவ் லிவ்ட் ஹியர் சின்ஸ் 2010" என்று வரவேண்டும். எத்தனை வருடம் என்று சொன்னால் சின்ஸ் போய் ஃபோர் வரும்.

இஃப் உள்ள பக்கத்தில் வில் போடாதீர்கள். "இஃப் இட் ரெயின்ஸ், தே வில் ஓபன் த கேட்ஸ்": மழை பெய்தால் இரணைமடுக் குளத்தின் வான்கதவைத் திறப்பார்கள். 2018 டிசம்பர் வெள்ளம் நடந்து முடிந்தது. அவ்வளவு மழை பெய்யாதிருந்தால் என்று எழுத, "இஃப் இட் ஹேட் நொட் ரெயின்ட் ஸோ மச், தே வுட் நொட் ஹேவ் ஓபன்ட் த கேட்ஸ்."

இனி மஸ்ட். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முகமாலைப் பக்கம் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை பார்த்திருப்பீர்கள். அந்த இடத்துக்கு "யூ மஸ்ட் நொட் என்டர்" என்று எழுதவேண்டும்: போகவே கூடாது. அதையே "யூ டோன்ட் ஹேவ் டு என்டர்" என்று எழுதினால், போகத் தேவையில்லை, விருப்பமென்றால் போகலாம் என்றாகிவிடும். மிதிவெடி இருக்கிற நிலத்தில் இந்த வித்தியாசம் உயிர் போகிற வித்தியாசம். பள்ளிச் சீருடை, ஞாயிறு வகுப்பு என்று எதற்கு எழுதினாலும் கூடாதா, தேவையில்லையா என்று ஒருமுறை மனதுக்குள் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கடைசியாக, பஸ். கண்ணால் பார்க்காவிட்டாலும் போயிருக்கும் என்று உறுதியாக ஊகித்தால் "த பஸ் மஸ்ட் ஹேவ் கோன்." போயிருக்கலாம் என்றால் "மே ஹேவ் கோன்." முந்தியே வந்திருக்க வேண்டும் என்றால் "வீ ஷுட் ஹேவ் கம் ஏர்லியர்." இப்போது மூன்றையும் ஷீ வைத்து எழுதிப் பாருங்கள். எங்காவது ஹேஸ் எழுதியிருந்தால் வெட்டிவிட்டு ஹேவ் போடுங்கள்.