பொருளியலும் ஜப்பானிய மொழியும்: ஒரே நோட்டில் படிப்பது எப்படி?

சென்னையில் பி.ஏ. பொருளியல் படித்தேன். சனி, ஞாயிறுகளில் ஜப்பானிய வகுப்பு. இப்போது ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் வேலை. தங்கையின் தோழிகள் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்கள்: "அக்கா, ரெண்டையும் சேர்த்துப் படிச்சுட முடியுமா?" முடியும். ஆனால் இரண்டையும் தனித்தனிப் பாடமாக வைத்துக்கொண்டால், மூன்றாவது செமஸ்டர் வருவதற்குள் ஏதாவது ஒன்று கைநழுவிவிடும். ஒன்றுக்குள் இன்னொன்றைப் போட்டுப் படிக்க வேண்டும்.

இரண்டையும் ஒரே பட்டமாகப் படிக்க லண்டனின் சோவாஸ் பல்கலைக்கழகம் போன்ற இடங்கள் உண்டு. ஜப்பான் அரசின் இளங்கலை உதவித்தொகை கிடைத்தால் முதல் வருடம் மொழி, பிறகு நான்கு வருடம் பட்டப்படிப்பு. பொருளியலுக்குப் போகிறவர்களும் அதற்குக் கணக்குத் தேர்வு எழுதியாக வேண்டும், பிளஸ் டூவோடு கணக்கை விட்டுவிடாதீர்கள். இங்கேயே இருந்து படிப்பவர்களுக்கு என் வழிதான்: பட்டம் கல்லூரியில், மொழி வெளியே. சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் மையம் அரிச்சுவடியிலிருந்து சொல்லித்தருகிறது.

முதல் வேலை, ஹிராகானா, கதாகானா என்ற இரண்டு ஜப்பானிய எழுத்து வரிசைகளையும் முதல் மாதத்திலேயே முடித்துவிடுங்கள். ஜப்பானியச் சொல்லைத் தமிழில் எழுதிவைத்துப் படிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். நமக்குக் 'க' ஒன்றுதான். அங்கே சிப்பிக்கான சொல்லுக்கும் சாவிக்கான சொல்லுக்கும் உள்ள வித்தியாசமே அந்தக் 'க' அழுத்தமா மென்மையா என்பதுதான். இங்கே வேறு வழியில்லாமல் தமிழில் எழுதுகிறேன், உங்கள் நோட்டில் அப்படி இருக்கக் கூடாது.

இலக்கணத்தை ஆங்கிலம் வழியாகப் போய்ப் படிக்காதீர்கள், தமிழிலிருந்து நேரே போங்கள். வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். 'சென்னையிலிருந்து டோக்கியோ வரை' என்பதில் 'இருந்து'க்குக் 'கரா', 'வரை'க்கு 'மாதே', அதே வரிசை. இன்னும் ஆச்சரியம் துணைவினையில் இருக்கிறது. 'தபேதே மிரு' என்றால் 'சாப்பிட்டுப் பார்'. 'மிரு' என்பது பார்த்தல்தான். 'கைதே ஓகு' என்றால் 'எழுதி வை', இதில் 'ஓகு' என்பது வைத்தல். வகுப்பில் ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எல்லோரும் திணறிய அன்று, தமிழில் யோசித்தவர்களுக்குப் பத்து நிமிடத்தில் விளங்கியது.

ஆனால் இதே இடத்தில்தான் எனக்கு அடியும் விழுந்தது. தமிழில் 'வந்தேன்', 'வந்தாள்' என்று வினையே ஆளைச் சொல்லிவிடும். ஜப்பானிய வினை சொல்லாது. நான் வந்தாலும் அவள் வந்தாலும் 'கிமஷிதா'தான். காகிதத்தில் நிதானமாக யோசிக்கலாம். காதில் ஓடும் உரையாடலில் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்றே பிடிபடவில்லை. ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் என்4 நிலையில் 180க்கு 103 வாங்கினேன், தேர்ச்சிக்கு 90 போதும். ஆனாலும் தோற்றேன். கேட்டல் பகுதியில் 60க்குக் குறைந்தது 19 வேண்டும், எனக்கு 17. முடிவு வந்த அன்று இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை.

அதைச் சரிசெய்தது, நாட்டுப் பொருளாதாரத்தை மொத்தமாகப் பார்க்கும் பேரியல் பாடத்தின் முதல் படம். குடும்பம், நிறுவனம், அரசு என்று மூன்று பெட்டி போட்டு, பணம் எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்புக்குறி வரைவோமே, அதேதான். பெட்டிகளுக்குக் 'காகேய்', 'கிகியோ', 'சேய்ஃபு' என்று ஜப்பானியப் பெயர் எழுதினேன். அப்புறம் உரையாடலைக் கேட்கும்போதெல்லாம் தாளில் அம்புக்குறி போட ஆரம்பித்தேன். 'குரேரு' என்றால் அம்பு என் பக்கம் வரும். 'அகேரு' என்றால் வெளியே போகும். 'மொராவு' என்றால் வாங்கிக்கொள்பவரின் பக்கத்திலிருந்து பேசுகிறார்கள். ஆளின் பெயரே வராவிட்டாலும், கை மாறும் திசை தெரிந்துவிடும். அடுத்த முறை பாஸ்.

எண்கள் விஷயத்தில் நமக்குச் சாதகம் அதிகம். ஜப்பானியர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவதில்லை, பத்தாயிரம் பத்தாயிரமாக எண்ணுவார்கள். 'மான்' பத்தாயிரம், 'ஓகு' பத்துக் கோடி, 'சோ' ஒரு லட்சம் கோடி. மில்லியன், பில்லியனுக்குப் போய்த் திரும்பினால் சுழியம் தப்பும். லட்சம், கோடியிலிருந்து நேரே மாற்றுங்கள். விலைப்புள்ளியை 'மித்சுமோரி' என்பார்கள். அதில் ஒரு சுழியம் தவறினால் என்ன ஆகும் என்று தினமும் பார்க்கிற வேலை எனக்கு, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கான்ஜியை, அதாவது ஜப்பானியத்தில் வழங்கும் சீன எழுத்துகளை, அகர வரிசையில் மனப்பாடம் செய்யாமல், அன்றைக்கு நடந்த பொருளியல் பாடத்திலிருந்து எடுங்கள். தேவை 'ஜுயோ', அளிப்பு 'கியோக்யூ'. இந்தக் 'க்யூ' எழுத்து ஒன்றைப் பிடித்தால் சம்பளம் 'க்யூரியோ', மணிக்கூலி 'ஜிக்யூ', பள்ளி மதிய உணவு 'க்யூஷோகு' எல்லாம் வரிசையாக வரும். அதன் இடப்பக்கம் நூலைக் குறிக்கும் உறுப்பு இருக்கும். 'கேய்சாய்', அதாவது பொருளாதாரம் என்ற சொல்லின் முதல் எழுத்திலும் அதே நூல். 'உலகை ஆண்டு மக்களைக் காப்பது' என்ற பழைய நான்கெழுத்துத் தொடரின் சுருக்கம் அந்தச் சொல். திருவள்ளூர் மின்சார ரயிலில் நின்றபடி இதைப் படித்த அன்று, எனக்கு இரண்டு பாடமும் ஒன்றாகிவிட்டன.

படிக்கப் புத்தகம்தான் வேண்டும் என்றில்லை. எங்கள் சென்சேய், அதாவது ஆசிரியர், ஒருமுறை டோக்கியோவிலிருந்து ஒரு கடை ரசீதைக் கொண்டுவந்தார். சோற்று உருண்டைக்குப் பக்கத்தில் சின்னக் குறி, வரி 8%. அதை எடுத்துவந்த பிளாஸ்டிக் பைக்கு 10%. அதே உருண்டையைக் கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் அதற்கும் 10%. நுகர்வு வரி 1989இல் 3%, 1997இல் 5%, 2014இல் 8%, 2019 அக்டோபரில் 10% என்று ஏறியது. உணவுக்கு ஏன் 8%இலேயே நிறுத்தினார்கள்? ஏழைக் குடும்பத்தின் செலவில் சாப்பாட்டின் பங்கு அதிகம் என்பதால். ஒரு துண்டுக் காகிதத்தில் பொதுநிதிப் பாடமும் இருபது கான்ஜியும் கிடைத்தன. ஜப்பான் போய்வருகிறவர்களிடம் சாக்லேட் கேட்காதீர்கள், ரசீது கேளுங்கள்.

மூன்றாம் வருடம் திட்டக் கட்டுரைக்கு 'என் ஷக்கான்' எடுத்துக்கொள்ளலாம், யென் கடன் என்று பொருள். சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்துக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கும் ஜப்பான் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான ஜைக்கா கடன் கொடுத்திருக்கிறது. வட்டி குறைவு, தவணை நீளம், ஆனால் திருப்பித் தருவது யென்னில். ரூபாய் சரிந்தால் சுமை என்ன ஆகும் என்று கணக்குப் போட்டாலே நல்ல கட்டுரை. ஜப்பான் மத்திய வங்கியின் அறிக்கைகள் ஜப்பானியத்திலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். 2016இல் எதிர்ம வட்டி, அதாவது சுழியத்துக்கும் கீழான வட்டி, கொண்டுவந்தபோதும் 2024 மார்ச்சில் கைவிட்டபோதும் வந்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

தேர்வுத் தேதியில் கவனம். ஜேஎல்பிடி ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிறு வாக்கில் வரும். டிசம்பர் தேர்வு செமஸ்டர் பரீட்சையோடு மோதும், முதல் முறைக்கு ஜூலையே நல்லது. அதற்கு விண்ணப்பம் பல வாரம் முன்பே முடிந்துவிடும், மார்ச்சிலிருந்தே பார்த்துக்கொண்டிருங்கள். மே மாதம் கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் காலையிலேயே கேட்டல் பயிற்சிக்கு உட்கார்ந்துவிடுங்கள், அம்புக்குறி போட ஒரு வெள்ளைத் தாளோடு.